‘ஓடிப்போனான்’ என்று எழுதியிருந்த தாள்

மாமா என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். என் கணவரின் அப்பா அவர். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "உங்கள் மொழியில் என்ன சொல்வாய், அதையே சொல்" என்றார். அன்றிலிருந்து மாமாதான். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. என் பெயர், ஊர், நான் வளர்ந்த சிறுவர் இல்லத்தின் பெயர், இது மூன்றும் வேண்டாம்" என்றார். அதனால் அவை மூன்றும் இதில் இல்லை.

2018 அக்டோபர் 22 அன்று பிரதமர் ஸ்காட் மாரிசன், நிறுவனங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடம் நாட்டின் சார்பில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா உட்காரவே இல்லை, நிலைக்கதவைப் பிடித்தபடி நின்று பார்த்தார். முடிந்ததும் தன் அறைக்குப் போய்விட்டார். அவருக்கு அப்போது 69 வயது. ஐந்து மாதம் கழித்து, கண் மருத்துவரிடம் கூட்டிப்போகும் வழியில், ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னார்: "நானும் அப்படி ஒரு இடத்தில் வளர்ந்தவன். தம்பியும்தான்." சிக்னல் பச்சையானது. நான் வண்டியை எடுத்தேன். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்காமல் இருந்தது நல்லது என்று பிறகு புரிந்தது. அடுத்த ஒரு வருடம் அவர் பேசியதெல்லாம் வண்டியில்தான். எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராது. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரும். இப்படி ஒருவர் உங்களிடம் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் உட்காருங்கள், கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள், முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும்.

1957-இல் மாமாவுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. அம்மா காசநோய் மருத்துவமனையில், அப்பா வீட்டைவிட்டுப் போயிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் நீதிமன்றத்தில் நிறுத்தி, ‘கவனிப்பாரற்ற குழந்தை’ என்று முடிவு செய்து, அரசின் பொறுப்பில் எடுத்து, ஒரு மதச்சபை நடத்திய சிறுவர் இல்லத்தில் சேர்த்தார்கள். அநாதை இல்லம் என்றால் அநாதைகள் இருந்த இடம் என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடுதான் இருந்திருக்கிறார்கள். வறுமை, நோய், மணமாகாத தாய், கைவிட்ட தகப்பன், இவைதான் காரணங்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் இப்படி இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பிரிட்டனிலிருந்தும் மால்டாவிலிருந்தும் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளும், குடும்பங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளும் அதில் அடக்கம்.

அரசு இதையெல்லாம் ஒரே நாளில் ஒத்துக்கொள்ளவில்லை. பழங்குடிப் பிள்ளைகளைப் பிரித்தது பற்றிய அறிக்கை 1997-இல் வந்தது. கப்பலில் வந்த குழந்தைகள் பற்றி 2001-இலும், மற்ற இல்லங்கள் பற்றி 2004-இலும் செனட் குழுவின் அறிக்கைகள் வந்தன. 2004 அறிக்கைதான் இவர்களை ‘மறக்கப்பட்ட ஆஸ்திரேலியர்கள்’ என்று அழைத்தது. தேசிய அளவில் ஓர் இழப்பீட்டு நிதி வேண்டும் என்றும் அது சொன்னது. அன்றைய மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2009 நவம்பர் 16 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் இவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2012 நவம்பரில் அடுத்த பிரதமர் ஜூலியா கிலார்ட், நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட ஆணையத்தை அறிவித்தார். ஐந்து ஆண்டுகள் நடந்த அந்த விசாரணையில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் தனியறையில் ஆணையர்களிடம் பேசினார்கள். 2017 டிசம்பரில் 17 தொகுதிகளாக இறுதி அறிக்கை வந்தது. அதில் ஓர் எண் எனக்கு மறக்காது. தனக்கு நடந்ததை வெளியே சொல்ல ஒருவர் எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். மாமாவுக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

கமிஷன் நடந்த ஐந்து வருடமும் அவர் அதைத் தினமும் செய்தியில் பார்த்திருக்கிறார். போய்ப் பேசவில்லை. "என்னை நம்புவார்கள் என்று தோன்றவில்லை" என்றார்.

நிறுவனங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்காக 2018 ஜூலை 1 முதல் நடப்பது தேசிய இழப்பீட்டுத் திட்டம். ‘நேஷனல் ரிட்ரெஸ் ஸ்கீம்’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். பத்து ஆண்டுத் திட்டம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அது முடிவதற்கு ஓராண்டு முன்பே, 2027 ஜூன் 30. அதில் மூன்று பகுதிகள்: பணம், மனநல ஆலோசனை, பொறுப்பான நிறுவனத்தின் நேரடிப் பதில். பணத்தின் உச்சவரம்பு 1,50,000 டாலர். ராயல் கமிஷன் சொன்னது 2,00,000. ஏன் குறைத்தார்கள் என்பதற்கு நம்பும்படியான ஒரு பதிலை நான் இதுவரை படிக்கவில்லை.

நான் செய்த தவறு இங்கேதான் வருகிறது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த எல்லோரையும்போல எனக்கும் அரசு விண்ணப்பங்கள் நிரப்பிப் பழக்கம். விசா, குடியுரிமை, எல்லாவற்றிலும் தேதி துல்லியமாக இருக்க வேண்டும், முன்னுக்குப் பின் முரண் இருக்கக் கூடாது. அந்தப் புத்தியோடு ஒரு சனிக்கிழமை மாமாவைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, லேப்டாப்பைத் திறந்து கேள்வி கேட்கத் தொடங்கினேன். எந்த வருடம்? எந்த மாதம்? எத்தனை தடவை? அவன் பெயர் என்ன? அவர் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். மூன்றாவதில் எழுந்து போய்விட்டார். அப்புறம் ஏழு வாரம் என்னிடம் வானிலையைத் தவிர எதுவும் பேசவில்லை. இரவெல்லாம் அவர் அறை விளக்கு எரிந்தது. அத்தையின் புகைப்படம் மேசையிலிருந்து அவர் படுக்கைக்குப் போயிருந்தது. அறுபது வருடமாக அவர் பூட்டி வைத்திருந்த கதவை நான் காலால் உதைத்திருக்கிறேன்.

அந்த ஏழு வாரத்தில்தான் உதவி கேட்டேன். விண்ணப்பத்துக்குத் துணைநிற்க அரசு செலவில் இயங்கும் ஆதரவுச் சேவைகள் இருக்கின்றன. இலவசச் சட்ட ஆலோசனைக்கு ‘நோமோர்’ என்ற அமைப்பு இருக்கிறது. நான் பேசிய ஆதரவுப் பணியாளர் முதலில் கேட்டது, "விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா?" எனக்குப் பதில் இல்லை. அவரிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். "முதலில் என் ஃபைலைப் பார்க்க வேண்டும்" என்றார் மாமா. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

விண்ணப்பத்துக்கு முன் ஃபைல் கட்டாயம் இல்லை. நீதிமன்றம் மாதிரி நிரூபிக்கவும் வேண்டியதில்லை. நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பதுதான் அளவுகோல். தேதி நினைவில்லை என்றால் "பத்து வயது இருக்கும், குளிர்காலம்" என்று எழுதலாம். உடல்நிலை மோசமாக இருப்பவர்கள் ஃபைலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மாமாவுக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. அரசின் பொறுப்பில் இருந்த பிள்ளைகளின் ஆவணங்கள் மாநில அரசிடமும், சில இல்லத்தை நடத்திய அமைப்பிடமும் இருக்கும். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். எங்கே தேடுவது என்று வழிகாட்ட ‘ஃபைண்ட் அண்ட் கனெக்ட்’ என்ற இணையதளம் இருக்கிறது. எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

ஃபைல் வரும் நாளில் தனியாக இருக்க விடாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மற்றவர்களின் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும், பாதிப் பக்கம் கறுப்பாக இருக்கும். அதைவிட மோசம், எழுதியிருக்கும் மொழி. எட்டு வயதுப் பிள்ளையை ‘மந்தபுத்தி’, ‘கள்ளத்தனம்’, ‘படுக்கையை நனைப்பவன்’ என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நாங்கள் ஆதரவுப் பணியாளரின் அலுவலகத்தில் வைத்துத்தான் உறையைப் பிரித்தோம். மாமா பக்கம் பக்கமாகப் படிக்கவில்லை. விரலால் எதையோ தேடினார். நடுவில் ஒரு தாளில் நின்றார்.

‘ஓடிப்போனான். போலீஸ் மூலம் திரும்பக் கொண்டுவரப்பட்டான்.’ 1959 மார்ச். அதே வரி, அதே ஆண்டு ஆகஸ்ட். மறுபடியும் 1960 ஜனவரி.

"மூன்று தடவை" என்றார் மாமா. "மூன்று தடவைதான் என்று சரியாக நினைவிருக்கிறது." இரண்டாவது தடவை பிடிபட்டபோது போலீஸ்காரரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் கன்னத்தில் அறைந்து, இல்லத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறார். தப்பியோடிய பிள்ளைகள் போலீசால் திருப்பிக் கொடுக்கப்பட்டதை ராயல் கமிஷன் பல இல்லங்களின் விசாரணையில் கேட்டிருக்கிறது. ஒரு பத்து வயதுப் பையன் எதிலிருந்து ஓடுகிறான் என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எழுதிய வரிகள்தான், அறுபது வருடம் கழித்து அவர் பக்கம் நின்று பேசின. விண்ணப்பத்தில் அந்த மூன்று தேதிகளைத்தான் முதலில் எழுதினோம்.

அப்படி ஒரு ஃபைல் கையில் வந்தால், கொடுமை பற்றி நேரடியாக எதுவும் இல்லையே என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓடிப்போன தேதி, மருத்துவ அறைக்கு அனுப்பிய குறிப்பு, திடீரென்று படுக்கை நனைப்பது தொடங்கிய மாதம், ஒரு பணியாளர் சேர்ந்த ஆண்டும் போன ஆண்டும், எல்லாம் சாட்சிதான்.

2022-இல் விண்ணப்பம் போனது. ஒருவர் ஒரு தடவைதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் அவசரப்படாமல் எழுதுவது நல்லது. அவர் சொல்ல, ஆதரவுப் பணியாளர் எழுதினார். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அதற்குமேல் இல்லை. நான் வெளியே காத்திருந்தேன். விவரங்கள் எனக்கு இன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் கணவருக்கும் தெரியாது. எதை எழுதினால் அது இல்லத்தை நடத்திய அமைப்புக்குப் போகும், எது போகாது என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். அது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஓர் இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் இதனால் என்ன பாதிப்பு என்று ஒரு பகுதி உண்டு. அவர் தலைமுறை ஆண்கள் அதில் "ஒன்றுமில்லை, சமாளித்தேன்" என்றுதான் எழுதுவார்கள். மாமாவும் அதையே சொன்னார். கூட வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பல் டாக்டரிடம் போகவே மாட்டார், முகத்துக்கு மேல் யாரும் குனியக் கூடாது. ஹோட்டலில் சுவரை ஒட்டித்தான் உட்காருவார். பள்ளி ஆண்டுவிழாவில் மகனை ஒரு நிமிடம்கூடக் கண்ணிலிருந்து விட்டதில்லை. நல்ல வேலைகளை மேலாளர் அதட்டினார் என்று விட்டுவிட்டு வந்தவர். அவர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் "இதைப் போடலாமா மாமா?" என்று கேட்டேன். பல் டாக்டர் விஷயத்தில் சிறிது நேரம் யோசித்து, "அதற்கும் இதற்கும் சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை" என்றார்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கும், ஐம்பத்தைந்து தாண்டிய பழங்குடியினருக்கும், தீராத நோய் உள்ளவர்களுக்கும் முன்பணமாக 10,000 டாலர் தருவார்கள். பலருக்கு இது தெரியவில்லை. முடிவு வரும்வரை உயிரோடு இருப்போமா என்ற கவலை உள்ளவர்களுக்கு அது ஓர் ஆறுதல். மாமாவுக்கு அப்போது 73. அந்தப் பணத்தில் அம்மாவின் கல்லறைக்கு ஒரு கல் வைத்தார்.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தொகை எவ்வளவு என்பது அவர் விஷயம். கடிதம் வந்ததும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, யோசிக்கக் குறைந்தது ஆறு மாதம் உண்டு. இந்த இடத்தில் சட்ட ஆலோசனை இல்லாமல் நகரவே கூடாது. காரணம், ஏற்றுக்கொண்டால் அந்த நிறுவனத்தின் மேல் இதே விஷயத்துக்காகப் பிறகு வழக்குப் போட முடியாது. கொடுமை செய்த ஆளுக்கு அந்த விடுவிப்பு பொருந்தாது. ஒரு காலத்தில் வழக்கு என்பதே கனவு, காலவரம்பு தாண்டிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். 2015-இல் விக்டோரியா அந்த வரம்பை நீக்கியது, மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன. அதனால் இன்று சிலருக்கு நீதிமன்றத்தில் இதைவிடப் பெரிய தொகை கிடைக்கலாம். ஆனால் வழக்கு என்றால் குறுக்கு விசாரணை, மருத்துவப் பரிசோதனை, வருடங்கள். மாமா ஐந்து மாதம் யோசித்தார். நான் ஒரு தடவைகூட "என்ன முடிவு?" என்று கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்குப் போதும். கடைசியில் ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்று. இழப்பீட்டில் பங்கு கேட்டுத் தொலைபேசியில் தாமாகவே அழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, யாருக்கும் ஒரு டாலர் கொடுக்க வேண்டாம். இந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை, ஓய்வூதியத்தின் வருமானக் கணக்கிலும் சேராது. வங்கியில் சேமிப்பாகக் கிடக்கும்போது என்ன ஆகும் என்பதை மட்டும் நிதி ஆலோசகரிடம் தனியே கேளுங்கள். பேசக் கூடாது என்ற தடையும் இல்லை. அயர்லாந்தில் 2002 சட்டப்படி இழப்பீடு பெற்றவர்கள் இழப்பீட்டு வாரியத்தில் நடந்ததை வெளியே சொன்னால் குற்றம் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வாயை மூடித்தான் வளர்த்தார்கள், நிவாரணத்திலும் அதே பூட்டா என்று அங்கே பலர் கொதித்தது நியாயம்.

ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்யும் தமிழர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் இல்லத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். குளிக்க வைக்கும்போது முரண்டு பிடிப்பவர், ரொட்டியைத் தலையணைக்கு அடியில் வைப்பவர், அறைக் கதவை மூடினால் கத்துபவர். மறதி நோய் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீண்ட கூடம், வரிசைக் கட்டில், மணி அடித்தால் சாப்பாடு, இதெல்லாம் அவர்களை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விடும். 2009 முதல் அங்கே முதியோர் பராமரிப்புச் சட்டத்தில், சிறுவயதில் இல்லங்களில் வளர்ந்த இவர்களுக்கு ‘கேர் லீவர்’ என்ற பெயரில் தனிக் கவனம் உண்டு. மதிப்பீட்டுக்கு வருபவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும், விவரம் சொல்ல வேண்டியதில்லை. மாமா இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய காகிதங்களில் அந்தச் சொல் இப்போதே இருக்கிறது, அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதும் இருக்கிறது.

சின்ன மாமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன், எழுதக் கஷ்டமாக இருந்ததால்.

அவரும் அதே இல்லத்தில் பத்து வருடம் இருந்தவர். அதே பெல்ட். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து கூடத்தைத் துடைத்தது, காது சவ்வு கிழியும்படி அடிவாங்கியது, பள்ளிக்குப் பதிலாகச் சலவைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. பாலியல் கொடுமை மட்டும் அவருக்கு நடக்கவில்லை. "அது நடக்காமல் பார்த்துக்கொண்டேன்" என்று மாமா ஒரே ஒரு தடவை வண்டியில் சொல்லியிருக்கிறார். எப்படி என்று நான் கேட்கவில்லை. 2009 மன்னிப்பு சின்ன மாமாவுக்கும் சேர்த்துத்தான். இழப்பீட்டுத் திட்டமோ பாலியல் கொடுமைக்கு மட்டும். அடியும் பட்டினியும் அதோடு சேர்ந்து நடந்திருந்தால் கொஞ்சம் கணக்கில் வரும், தனியாக வராது. ராயல் கமிஷனின் வரம்பே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு விண்ணப்பம் உண்டு, மற்றவனுக்கு இல்லை. இது தவறு. 2004-இல் செனட் குழு சொன்ன நிதியை அன்றே அமைத்திருந்தால் இந்தப் பிளவு வந்திருக்காது.

நேரடிப் பதில் என்ற மூன்றாவது பகுதி வேண்டாம் என்றுதான் மாமா முதலில் சொன்னார். பிறகு 2024-இல் ஒருநாள், கூட யாரையாவது அழைத்துப்போகலாமா என்று ஆதரவுப் பணியாளரிடம் கேட்கச் சொன்னார். போகலாம். எங்கே சந்திப்பது, யார் வர வேண்டும், என்ன உடையில் வர வேண்டும், எல்லாம் பாதிக்கப்பட்டவர் சொல்லலாம். கடிதமாகவும் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். மாமா நிபந்தனைகளை எழுதித் தந்தார். சபைக் கட்டடம் வேண்டாம். பாதிரிமார் அணியும் கழுத்துப் பட்டை வேண்டாம். இன்று பொறுப்பில் இருக்கும் தலைமை ஆளே வர வேண்டும். நடப்பதை ஒருவர் எழுத வேண்டும், எழுதியதில் ஒரு பிரதி தர வேண்டும்.

நூலகத்தின் ஒரு சிறிய அறை. நான் வெளியே இருக்கிறேன் என்றேன். "இல்லை, நீ வா" என்றார். வந்தவர் மன்னிப்பு வாசகத்தைக் கையில் வைத்திருந்தார். மாமா அதை அப்புறம் படிக்கச் சொன்னார். ஃபைலிலிருந்த அந்த ஒரு தாளை மேசையில் வைத்து, மூன்று தேதிகளையும் சத்தமாக வாசித்தார். "என் பங்கு இவ்வளவுதான். மற்றதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்" என்றார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு, பக்கத்தில் துணையாள் என்ற பெயரில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"இப்போது இவன் பேசுவான்."

சின்ன மாமா நாற்பது நிமிடம் பேசினார். மேசையின் மறுபக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண் இரண்டு தடவை பக்கம் திருப்பினார். சலவைக்கூடத்தின் பெயர் வந்தபோது, எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சின்ன மாமா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.